கடல்நீர்ப் போத்தலும் ஊதா ஒளியும்: திருகோணமலைப் பாடசாலை ஒன்றின் கரு இணைவுச் செயற்றிட்டம்

பின்னணி

திருகோணமலை நகரில், டச்சுக் குடாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பாடசாலை. விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆறு வாரம் இருந்தது. உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர் ஐவர் கரு இணைவை, அதாவது சூரியனுக்குள் நடப்பது போல இலேசான அணுக்கருக்கள் இணைந்து சக்தி தருவதை, தலைப்பாக எடுத்தார்கள். "சம்பூரில் ஒரு சூரியன்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சம்பூரில் திட்டமிடப்பட்ட 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் 2016 இல் கைவிடப்பட்டதும், அங்கே இப்போது சூரிய மின்திட்டம் வருவதும் ஊரில் எல்லோரும் பேசும் விடயங்கள். எனவே பெயர் தானாகவே வந்தது.

அவர்களுடைய திட்டத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று, கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கம்பி வலைக்கூடு வைத்து, வெற்றிடமாக்கி, உயர் மின்னழுத்தம் கொடுத்து "இணைவு உலை" ஒன்றைக் காட்டுவது. மற்றது, "திருகோணமலைக் கடல்நீர் 1 லீற்றர் = 300 லீற்றர் பெற்றோல்" என்ற பெரிய பலகை. இரண்டிலுமே உண்மை பாதிதான் இருந்தது. அந்தப் பாதி உண்மையை எப்படிக் கையாள்வது என்பதே பொறுப்பாசிரியருக்கு முன்னிருந்த கேள்வி.

முதல் வாரத்தில் கண்டவை

ஆசிரியர் போய்ப் பார்த்தபோது மேசையில் இருந்தவை: கடைகளில் முறுக்குப் போட்டு வைக்கும் 5 லீற்றர் கண்ணாடிப் போத்தல், பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றிய கொம்பிரசர், வளைத்த செப்புக் கம்பி, பழுதான இரண்டு மைக்ரோவேவ் அடுப்புகளின் நிலைமாற்றிகள். போத்தலுக்குள் ஒளி எதுவும் வரவில்லை.

"சேர், வோல்ற்றேச் காணாது. ரெண்டையும் தொடரா இணைச்சா வரும்" என்றார் ஒரு மாணவர்.

இந்த ஒரு வசனத்துக்குள்தான் முழு ஆபத்தும் இருந்தது. ஒளி வராததற்குக் காரணம் மின்னழுத்தக் குறைவு அல்ல, உள்ளே எஞ்சியிருந்த காற்று. குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர் வாயுவை அமுக்குவதற்குச் செய்யப்பட்டது. உறிஞ்சும் பக்கத்தை வைத்து அதனால் ஆழமான வெற்றிடம் எடுக்க முடியாது. பின்னர் ஏ.சி. பூட்டுபவர் ஒருவரின் இலக்க மானியைப் பொருத்திப் பார்த்தபோது, அந்த மானியின் மேல் எல்லையான 25,000 மைக்ரோனுக்குக் கீழே அமுக்கம் இறங்கவேயில்லை. (ஏ.சி. வேலை செய்பவர்கள் வெற்றிடத்தை மைக்ரோனில்தான் சொல்வார்கள். 750 மைக்ரோன் ஏறத்தாழ 1 மில்லிபார்.) அந்த அமுக்கத்தில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியைக் காற்று முறிந்து கடக்க 10 கிலோவோல்ற்றுக்கும் மேல் வேண்டும். அமுக்கத்தை நூறில் ஒரு பங்காக்கினால் 1 கிலோவோல்ற்றுக்குள் வேலை முடியும். பம்பிலிருந்த குறையை மின்னழுத்தத்தால் ஈடுசெய்யப் பார்த்தார்கள்.

மைக்ரோவேவ் நிலைமாற்றி ஏன் கூடாது என்பதையும் விபரமாகச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஏதாவதொரு பாடசாலையில் இது மேசைக்கு வந்துவிடுகிறது. அதன் துணைச்சுருள் ஏறத்தாழ 2,000 வோல்ற்றில் அரை அம்பியர் வரை தரும். மனித இதயத்தைக் குழப்பச் சில பத்து மில்லி அம்பியர்களே போதும். வீட்டு ட்ரிப் சுவிச் காப்பாற்றும் என்று மாணவர்கள் நம்பியிருந்தார்கள். அது காப்பாற்றாது. ட்ரிப் சுவிச் பார்ப்பது முதற்சுருளுக்குப் போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமா என்பதை. துணைச்சுருளிலிருந்து ஒருவரின் உடலூடாக ஓட்டம் பாய்ந்தாலும் முதற்பக்கத்தில் இரண்டும் சமமாகவே இருக்கும், சுவிச் விழாது. அடுப்பிலிருந்து எடுத்த கொள்ளளவியும் அப்படியே. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் ஏற்றம் நிற்கும்.

போத்தலும் பொருந்தாது. 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூடி மீது வளிமண்டலம் ஏறத்தாழ 115 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையைக் கொடுக்கும். தட்டையான அடிப்பக்கத்துக்கும் அதே சுமைதான். அந்தக் கண்ணாடி அதற்காக வார்க்கப்பட்டதல்ல. உள்நோக்கி வெடித்தால் சிதறல்கள் எதிர்ப்பக்கமாக வெளியே வரும்.

மூன்றாவது ஆபத்தை யாரும் யோசித்திருக்கவில்லை. மாணவர்கள் கடல்நீரை மின்பகுத்து டியூற்றீரியம் (இணைவுக்கு எரிபொருளாகும் பாரமான ஐதரசன்) எடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஐதரசன் அணுக்களுக்கு ஒன்றுதான் டியூற்றீரியம். மின்பகுப்பில் முதலில் வெளியேறுவது இலேசான ஐதரசன், பாரமானது நீரிலேயே தங்கும். எனவே சேகரிக்கும் வாயுவில் டியூற்றீரியம் கடல்நீரில் உள்ளதை விடவும் குறைவாக இருக்கும். மறு மின்வாயில் குளோரின் கிளம்பும். மூடிய அறையில் கிடைப்பது நச்சு வாயுவும் வெடிக்கக்கூடிய வாயுவும் மட்டுமே.

தீர்மானங்களும் அவற்றின் காரணங்களும்

செயற்றிட்டத்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்பது முதற் கேள்வி. நிறுத்தினால் மாணவர்கள் அதை வீட்டில் செய்யும் வாய்ப்பு அதிகம் என்று ஆசிரியர் கருதினார். இந்தக் கணிப்பு சரியானது என்றே நாம் நினைக்கிறோம். நிலைமாற்றிகள் ஏற்கெனவே ஒருவரின் வீட்டிலிருந்துதான் வந்திருந்தன. கண்ணெதிரே ஒரு நல்ல வழியைக் காட்டினால்தான் அந்த ஆசை ஆபத்தில்லாத இடத்துக்குத் திரும்பும்.

அடுத்து, உண்மையான இணைவைக் காட்ட முயல்வதில்லை என்று தீர்மானமானது. கம்பிக் கூட்டு உலை கற்பனைச் சரக்கல்ல. டியூற்றீரிய வாயுவை நிரப்பி 30 கிலோவோல்ற்று அளவில் இயக்கினால் இணைவு நடக்கும், நியூத்திரன் வரும். ஆனால் 15–20 கிலோவோல்ற்றைத் தாண்டும்போது கண்ணாடியை ஊடுருவும் எக்ஸ் கதிரும் வரத் தொடங்கும். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின்படி அயனாக்கும் கதிர்வீச்சுச் சாதனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பாடசாலை ஆய்வுகூடம் அதற்கான இடமல்ல.

கிடைக்கும் சக்தி என்ன என்பதையும் ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். 30 கிலோவோல்ற்று, 10 மில்லி அம்பியர் என்றால் உள்ளே போவது 300 வாற்று. விநாடிக்கு 10 இலட்சம் நியூத்திரன் வருகிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். டியூற்றீரியம் – டியூற்றீரியத் தாக்கங்களில் ஏறத்தாழ பாதிதான் நியூத்திரன் தரும், ஆக 20 இலட்சம் தாக்கங்கள். ஒவ்வொன்றும் சராசரி 3.65 மில்லியன் இலத்திரன் வோல்ற்று (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு). பெருக்கினால் ஒரு வாற்றின் 10 இலட்சத்தில் ஒரு பங்கை ஒட்டி வரும். 300 வாற்றுக்கு ஒரு மைக்ரோவாற்று. அதைப் பார்த்த பிறகு கூட்டை உலை என்று அழைக்க மாணவர்களே விரும்பவில்லை.

அதற்குப் பதிலாகப் பிளாஸ்மாவையும் (அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து மின்கடத்தும் வாயு), காந்தம் அதை வளைப்பதையும் காட்டுவதென்று முடிவாயிற்று. இணைவு ஆய்வின் பெரும்பகுதி இந்த இரண்டையும் சுற்றியே நடக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும்: "இது இணைவு அல்ல" என்ற வசனம் குழாயின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

குழாய் எரியாத எட்டு நாள்

பாத்திரமாக 4 சென்ரிமீற்றர் விட்டமும் 30 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட தடித்த போரோசிலிக்கேற்றுக் குழாய். இரு முனையிலும் இறப்பர் அடைப்பான், அவற்றினூடாகச் செப்புக் கோல்கள், இடைவெளி 25 சென்ரிமீற்றர். ஒவ்வோர் அடைப்பான் மீதும் வளியமுக்கம் 13 கிலோகிராம் நிறையளவுதான். மின்வழங்கியாக 5 கிலோவோல்ற்று வரை தரும், 3 மில்லி அம்பியருக்கு மேல் தராத ஆய்வுகூட வழங்கி ஒன்று இரவல் வாங்கப்பட்டது. அதனோடு தொடராக 47 கிலோ ஓம், 2 வாற்றுத் தடையிகள் பத்து. ஒரே பெரிய தடையியைப் போடாததற்குக் காரணம், சாதாரண தடையி ஒன்றின் உடல் தாங்கும் அழுத்தம் சில நூறு வோல்ற்று மட்டுமே. பத்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 140 வோல்ற்றளவே விழும். எல்லாவற்றையும் 5 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ் பெட்டி மூடியது.

பம்பு, ஏ.சி. பூட்டுபவரின் இரண்டு நிலைச் சுழல் பம்பு. முதல் நாள் மானி 4,000 மைக்ரோனில் நின்றுவிட்டது. 5 கிலோவோல்ற்று முழுவதும் கொடுத்தும் குழாய் இருட்டாகவே கிடந்தது.

கசிவா, ஈரமா என்று பிரித்தறிய ஏ.சி. வேலைக்காரர்களிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. பம்புக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள வால்வைப் பூட்டிவிட்டு மானியைப் பார்த்துக்கொண்டிருப்பது. எண் நிற்காமல் ஒரே வேகத்தில் ஏறினால் கசிவு. வேகமாக ஏறிப் பிறகு ஓரிடத்தில் தணிந்தால் உள்ளே நீராவி. இங்கே நிற்காமல் ஏறியது. அடைப்பானைச் செப்புக் கோல் துளைத்து வந்த இடத்தில்தான் கசிவு. அரல்டைற் பூசி ஒரு நாள் காயவிட்டார்கள். அடுத்த முறை 900 மைக்ரோன் வந்தது, மின்னல் கீற்றுப் போல மெல்லிய இளஞ்சிவப்பு நாடா ஒன்று துடித்துத் துடித்து அணைந்தது.

இப்போது வால்வைப் பூட்டினால் எண் ஏறி, தணிந்தது. ஈரம். மாரி தொடங்கியிருந்தது, ஆய்வுகூட யன்னலுக்கு அப்பால் கடல். 30 பாகை செல்சியசில் நிரம்பிய நீராவியின் அமுக்கம் மட்டுமே 42 மில்லிபார். கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் மணிக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும்.

ஏ.சி. பூட்டுபவர் பம்பின் பக்கத்திலுள்ள கண்ணாடித் துளையைக் காட்டினார். "தம்பி, எண்ணெயைப் பாருங்கோ. பால் மாதிரி வந்திட்டுது. தண்ணி இழுத்திருக்கு. இந்த எண்ணெயோட எவ்வளவு ஓடவிட்டாலும் இறங்காது." எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றி, பம்பின் தலையிலுள்ள சிறு காற்றுத் திருகைத் திறந்தபடி அரை மணி நேரம் ஓடவிட்டார். அந்தத் திருகு வழியே நுழையும் கொஞ்சக் காற்று, நீராவி பம்புக்குள்ளேயே ஒடுங்கி எண்ணெயில் கலப்பதைத் தடுத்து வெளியே தள்ளும். மின்வழங்கியை முற்றாகக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தியால் குழாயைச் சூடாக்கினார்கள். பிறகு திருகை மூடினார்கள். 250 மைக்ரோன்.

1.5 கிலோவோல்ற்றில் குழாய் நிறைந்து எரிந்தது. எதிர்மின்வாயை ஒட்டி நீலம், அதையடுத்து ஓர் இருட்டு இடைவெளி, மிகுதி முழுவதும் இளஞ்சிவப்பு கலந்த ஊதா. உற்றுப் பார்த்தால் அந்த ஊதாவில் நுங்குச் சுளை அடுக்கியது போல் மெல்லிய வில்லைகள் தெரிந்தன. பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைக் கட்டையில் கட்டிப் பெட்டிக்கு வெளியே நீட்டியதும் ஒளித் தூண் வளைந்து சுவரோடு ஒட்டியது. காந்தத்தைத் திருப்பிப் பிடித்ததும் மறுபக்கம் போயிற்று. தோக்கமாக் எனப்படும் வளைய உலையில் மேலும் கீழும் சுற்றும் காந்தச் சுருள்கள் எதற்கு என்று அதன்பின் எவரும் கேட்கவில்லை.

குழாய்க் கண்ணாடி இளஞ்சூடாகவே இருந்தது. உள்ளே இலத்திரன்களின் வெப்பநிலை பத்தாயிரம் பாகைக்கு மேல், ஆனால் வாயு மூலக்கூறுகள் அறை வெப்பநிலையை விட்டு அதிகம் விலகவில்லை. இணைவுக்கு வேண்டியது கருக்களே 15 கோடி பாகையில் இருப்பது. சூரியனின் மையத்தில் 1.5 கோடி பாகைதான், ஆனால் அங்கே அடர்த்தி மிகப் பெரிது, அவசரமும் இல்லை. சூரிய மையத்தின் ஒரு கன மீற்றர் தருவது 300 வாற்றுக்கும் குறைவு. பூமியில் அந்த வேகத்தில் எரித்தால் மின்நிலையம் நடத்த முடியாது.

கணக்குப் பலகை

இரண்டாவது பகுதியைத் திருத்த இன்னும் அதிக நேரம் பிடித்தது. "300 லீற்றர் பெற்றோல்" எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது மாணவர்களால் சொல்ல முடியவில்லை. எனவே அடியிலிருந்து கணக்குப் போட்டார்கள்.

ஒரு லீற்றர் கடல்நீரில் டியூற்றீரியம் 33 மில்லிகிராம், அதாவது 10 இன் 22 ஆம் அடுக்கு அளவான அணுக்கள். டியூற்றீரியம் டியூற்றீரியத்தோடு ஒரு தடவை இணைவதோடு நிறுத்தினால் அணு ஒன்றுக்கு 1.8 மில்லியன் இலத்திரன் வோல்ற்று: மொத்தம் 290 கோடி யூல், அதாவது 90 லீற்றர் பெற்றோலளவு. அதில் பிறக்கும் ட்ரிற்றியத்தையும் (டியூற்றீரியத்தை விடவும் பாரமான ஐதரசன்) ஈலியம்-3 ஐயும் விடாமல் எரித்தால் அணுவுக்கு 7.2, ஏறத்தாழ 350 லீற்றர். பிரபலமான 300 இந்த வகையிலிருந்து வந்தது. ஆனால் பெரும்பாலான உலைத் திட்டங்கள் அந்த வழியில் போவதில்லை. ஒரே வெப்பநிலையில் அந்தத் தாக்கம், டியூற்றீரியம் – ட்ரிற்றியத் தாக்கத்தின் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வேகத்திலேயே நடக்கும்.

பெரும்பாலோர் குறிவைப்பது டியூற்றீரியம் – ட்ரிற்றியம். இரண்டும் இணைந்து ஈலியமும் நியூத்திரனும் ஆகும்போது மொத்தத் திணிவில் 0.38 சதவீதம் குறைகிறது. அதுவே 17.6 மில்லியன் இலத்திரன் வோல்ற்று. இதில் 3.5 ஐ ஈலியம் எடுத்துப் பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருக்கும், 14.1 ஐ நியூத்திரன் சுவருக்கு வெளியே கொண்டுபோகும்.

இங்கேதான் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் உதவின. அங்குள்ள 99 தாங்கிகளில் ஒன்று ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். அதில் கடல்நீரை நிரப்பினால் டியூற்றீரியம் 400 கிலோகிராமளவு. 1,000 மெகாவாற்று வெப்ப உலை ஓராண்டுக்கு எரிப்பது 37 கிலோகிராம். ஒரே தாங்கி பத்தாண்டுக்குப் போதும். இதைக் கண்டதும் மாணவர்கள் துள்ளினார்கள்.

ஆனால் அதே ஆண்டில் அந்த உலை 56 கிலோகிராம் ட்ரிற்றியமும் எரிக்கும். அது கடலில் இல்லை. 12.3 ஆண்டில் பாதியாகச் சிதைந்துவிடும் பொருள், உலகம் முழுவதும் சேர்த்தாலும் குடிசார் பயன்பாட்டுக்குச் சில பத்துக் கிலோகிராம்களே உண்டு. உலையே தனக்குத் தேவையானதை உண்டாக்க வேண்டும்: வெளியேறும் நியூத்திரன், சுவருக்குப் பின்னுள்ள இலிதியம்-6 ஐத் தாக்கினால் ட்ரிற்றியம் பிறக்கும். எரியும் ஒவ்வொரு ட்ரிற்றியத்துக்கும் ஒன்றுக்குச் சற்று மேல் பிறந்தால்தான் கணக்கு ஓடும். ஒரு நியூத்திரனுக்கு ஒரு ட்ரிற்றியம் என்பதில் இழப்புக்கு இடமே இல்லை என்பதால், நியூத்திரனைப் பெருக்கப் பெரிலியமோ ஈயமோ சேர்க்கிறார்கள். மின்நிலைய அளவில் இது இன்னும் செய்துகாட்டப்படவில்லை. கடல்நீர் என்ற பேச்சுக்குள் மறைந்துபோவது இந்த மறுபாதிதான். பலகையின் நடுப்பகுதி முழுவதும் இதற்கே கொடுக்கப்பட்டது.

வரவு செலவுப் பட்டியல் மின்கட்டண அலகுகளில் எழுதப்பட்டது. 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் இலக்கின் மீது விழுந்த லேசர் சக்தி 2.05 மெகாயூல், இணைவிலிருந்து வந்தது 3.15 மெகாயூல். வரலாற்றில் இடம்பெற வேண்டிய சோதனைதான். ஆனால் 3.15 மெகாயூல் ஓர் அலகு மின்சாரத்துக்கும் குறைவு, லேசரை ஏற்ற வலையமைப்பிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாயூல், 83 அலகு. இங்கிலாந்தின் ஜெற் உலை 2023 இல் 5 விநாடியளவில் தந்த 69 மெகாயூல், 19 அலகு வெப்பம். பிரான்சில் எழும் ஈற்றர் 50 மெகாவாற்று வெப்பம் ஊட்டி 500 மெகாவாற்று எடுக்க நோக்குகிறது. அது மின்சாரம் பிறப்பிக்காது. 2024 இல் திருத்தப்பட்ட அட்டவணைப்படி அங்கே டியூற்றீரியம் – ட்ரிற்றிய இயக்கம் 2039 இல்.

"கதிர்வீச்சே இல்லை" என்ற வரி அழிக்கப்பட்டது. சங்கிலித் தாக்கம் கைமீறும் ஆபத்து இணைவில் இல்லை, நீண்டகால எரிபொருட் கழிவும் இல்லை. ஆனால் 14.1 மில்லியன் இலத்திரன் வோல்ற்று நியூத்திரன்கள் உருக்குச் சுவரைக் கதிரியக்கமாக்கும், ட்ரிற்றியமும் கசியவிடக்கூடாத பொருள். ஒரு மாணவர் புல்மோட்டை மணலிலுள்ள மொனசைற்றையும் எரிபொருளாக எழுதியிருந்தார். அதிலுள்ள தோரியம் கருப்பிளவுப் பாதைக்குரியது என்று விளக்கி அது எடுக்கப்பட்டது.

கண்காட்சி நாட்கள்

இரண்டு நாளும் குழாய் தடங்கலின்றி எரிந்தது. ஒரு மணிக்கு ஒருமுறை பம்பு எண்ணெயின் நிறம் பார்க்கப்பட்டது, ஒரு மீற்றர் தள்ளிக் கயிறு கட்டப்பட்டது, வழங்கியின் சாவி ஆசிரியர் சட்டைப்பையில்.

முதல் நாள் மாலை, வயதான ஒருவர் மேசையிலிருந்த கடல்நீர்ப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, அப்ப இந்தத் தண்ணியில எங்கட வீட்டு லைற் எத்தனை நாள் எரியும்?"

மாணவிக்கு விடை தெரிந்திருந்தது. "இதில உள்ள டியூற்றீரியத்தை ஒரு தடவை மட்டும் தனக்குள்ள இணைச்சு, மூன்றில ஒரு பங்கு மின்சாரமா மாத்தினா 270 அலகு ஐயா. மாசம் 90 அலகு எரிக்கிற வீட்டுக்கு மூண்டு மாசம். ஆனா அப்பிடி எரிக்கிற அடுப்பு இன்னும் ஒரு நாட்டிலயும் இல்லை. இப்ப கட்டப் பாக்கிற அடுப்புகளுக்குத் தேவையான மற்றச் சாமான், ட்ரிற்றியம், இந்தப் போத்தலுக்குள்ள இல்லை."

அவர் போத்தலை வைத்துவிட்டுப் பலகையின் நடுப்பகுதிக்கு முன்னால் போய் நின்று வாசித்தார்.

பலரும் கேட்டது, சம்பூரில் ஒன்று கட்டலாமா என்பது. இதற்கு மாணவர்கள் தயாராக இருக்கவில்லை. நம் நாட்டின் மிகப்பெரிய மின்பிறப்பாக்கி அலகுகள் நுரைச்சோலையின் 300 மெகாவாற்று அலகுகள். அவற்றில் ஒன்று திடீரென நின்றாலே சிறிய தீவு வலையமைப்பு தள்ளாடும். இன்னும் திட்ட வரைவில் உள்ள இணைவு நிலையங்கள் பல அதைவிடப் பெரியவை. உலை இயங்குவதோடு, அதைத் தாங்கும் வலையமைப்பும் வேண்டும். இதை ஆசிரியரே வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் ஒரு பிழையும் நடந்தது. கூட்டம் நெருக்கியதில் "இது இணைவு அல்ல" என்ற அட்டை கழன்று மேசைக்குப் பின்னால் விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் "பாடசாலையில் அணு உலை" என்ற வரியோடு குழாயின் படம் கைபேசிகளில் சுற்றியது. அதிபர் பெற்றோர் பலருக்குத் தொலைபேசியில் விளக்கம் சொல்ல நேர்ந்தது.

இனி மாற்ற வேண்டியவை

அந்த வசனம் அட்டையில் இல்லாமல் பேர்ஸ்பெக்ஸ் பெட்டி மீதே, படம் எடுத்தால் தப்பாமல் விழும் இடத்தில், எழுதப்பட வேண்டும். இறப்பர் அடைப்பானில் கோலைச் செருகுவதை விட முனை மூடிய ஆயத்தக் குழாய் வாங்குவது நல்லது, எட்டு நாள் மிஞ்சும். அப்படியில்லையென்றால் மாரிக்கு முன் செய்ய வேண்டும், குறைந்தது இரண்டு தடவைக்கான பம்பு எண்ணெய் கையிருப்பில் இருக்க வேண்டும். மைக்ரோன் மானி முதல் நாளே வேண்டும். மானி இருந்திருந்தால் நிலைமாற்றி மேசைக்கு வந்திருக்காது.

வலையமைப்புப் பற்றி இன்னொரு பலகை அடுத்த ஆண்டுக்கு எழுதப்படுகிறது. இரண்டு மைக்ரோவேவ் நிலைமாற்றிகளும் சுருள் வெட்டப்பட்டு, காந்தவியல் பாடத்துக்கு உள்ளகம் காட்டும் மாதிரிகளாக ஆய்வுகூட அலுமாரியில் உள்ளன.